ஸ்ரீ ராமாநுஜரும் குரோதத்தின் மூலமும்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டிசத்திரத்தை அடுத்துத் திருப்புட்குழி என்னும் சிற்றூர் இருக்கிறது. ஜடாயுவுக்கு ராமபிரான் ஈமக்கடன் செய்த தலம் அதுவே என்பது அவ்வூர் ஐதிகம். ஆயின் நாம் இன்று அவ்வூரை எடுத்துக்கொண்டது ஸ்தல மகாத்மியம் எழுதுவதற்காக அன்று. மனிதன் மனிதனைக் கொல்லத் துணிவது ஏன் என்பதை வைத்தியர்களும் மனோதத்துவ சாஸ்திரிகளும் ஒன்றரை நூற்றாண்டாக ஆராய்ந்து வருகிறார்கள். அக்கேள்விக்கு உதாரணமாகத் தக்க சம்பவமொன்று அவ்வூர் வித்தியாசாலையில் சுமார் ஆயிரம் வருஷங்களுக்கு முன் முளைவிட்டதென்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன.

ராமாநுஜர் 1017-ம் வருஷம் ஸ்ரீபெரும்பூதூரில் ஆஸூரி கேசவ ஸோமயாஜிக்கும் காந்திமதிக்கும் புதல்வராக அவதரித்தார் என்பது சம்பிரதாயக் கணக்கு. இளமையிலேயே விவாகமாயிற்று, தகப்பனாரும் காலமானார். வேதாந்தம் பயிலும் ஆசையால் காஞ்சிக்கு வந்த அவர், திருப்புட்குழியில் பாடம் சொல்லிவந்த யாதவப்பிரகாசரிடம் மாணாக்கராய் அமர்ந்தார். யாதவர் பெரும் பண்டிதர். சீடர் கூட்டம் மிக்கவர். தமக்கு மேல் ஒருவரைக் கண்டறியாதவர்.

ஒரு நாள் ராமாநுஜர் ஆசிரியருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். சாந்தோக்கிய உபநிஷத்தில் பகவானுடைய கண்களை வருணிக்கும் வாக்கியத்துக்கு யாதவர் குரங்கின் பின்புறத்தை உவமையாக்கிப் பொருள் சொன்னார். மாணாக்கரின் கண்ணீர் ஆசிரியரின் தொடைமேல் நெருப்பெனச் சொட்டிற்று. காரணம் கேட்கப்பட்டதும், கதிரவனால் மலரும் தாமரையே அங்கு உவமையென்று ராமாநுஜர் சொற்களைப் பிரித்து விளக்கினார். இவ்வாறு மேலும் சில இடங்களில் நேர்ந்தது. யாதவருக்கு உண்டான சினம் ஆறவில்லை. அது அசூயையாக உறைந்தது. காசி யாத்திரை என்ற வியாஜத்தில் அழைத்துச் சென்று கங்கையில் அமிழ்த்திவிடுவதென மற்ற சீடர்களோடு கூடித் தீர்மானித்தார். உபநிஷத்து ஓதிய மாணாக்கர் குழாம் இதற்கு உடன்பட்டது என்பதே நம்மை அதிகம் திகைக்க வைக்கிறது.

இதனை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். கணத்தில் மூண்ட கோபத்தில் ஓங்கிய கை அன்று இது. நாள் குறித்து, வழி வகுத்து, சிரித்த முகத்தோடு நடத்திய ஏற்பாடு. இவ்விரண்டும் வெவ்வேறு என்பதைத் தற்கால வைத்திய சாஸ்திரமும் கண்டிருக்கிறது. 1998-ல் அமெரிக்காவில் ஏட்ரியன் ரெயின் என்பவரும் அவர் கூட்டாளிகளும் கொலையாளிகளின் மூளையைப் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். ஆத்திரத்தில் கொன்றவர்களிடம் நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதியின் இயக்கம் குறைந்திருந்தது. திட்டமிட்டுக் கொன்றவர்களிடம் அப்பகுதி ஏறத்தாழ மற்றவர்களுடையதைப் போலவே வேலை செய்தது. கூரிய புத்தி கொலைக்குத் தடையாகாது என்பதற்கு யாதவரே சாக்ஷி.

ராமாநுஜருடைய சிற்றன்னையின் குமாரர் கோவிந்தரும் அக்குழாத்தில் இருந்தார். விந்திய மலைச் சாரலில் அவர் தமையனாரைத் தனியே கண்டு சதியை வெளியிட்டு, தப்பியோடச் செய்தார். இருட்காட்டில் ஒரு வேடனும் வேடுவச்சியும் வழித்துணையாகி மறுநாள் காஞ்சியருகே சேர்த்தார்கள் என்றும், அவர்கள் வரதராஜரும் தாயாருமே என்றும் பக்தர்கள் சொல்வர். அதன்பின் திருக்கச்சிநம்பிகள் சொற்படி ராமாநுஜர் சாலைக்கிணற்றிலிருந்து பெருமாளுக்குத் தீர்த்தம் சுமந்துவந்தார்.

நிற்க. கொடுமை பிறப்பிலேயே வருவதென்று சொல்லும் ஒரு கட்சி உண்டு. லொம்ப்ரோஸோ என்னும் இத்தாலிய வைத்தியர் ஒரு கொள்ளைக்காரனின் மண்டையோட்டிலிருந்த குழியைக் கண்டு, பிறவிக் குற்றவாளி என்றொரு மனித வகையே உண்டென 1876-ல் நூல் வெளியிட்டார். கோரிங் என்னும் ஆங்கிலச் சிறை வைத்தியர் சுமார் 3,000 கைதிகளை அளந்து பார்த்து 1913-ல் அதனை மறுத்தார். அந்த நூலுக்கு ஐந்து வருஷம் முன்னரே, 1871-ல், நம் தேசத்தில் ஆங்கிலேயர் அதே எண்ணத்தைச் சட்டமாக்கி, முழு ஜாதிகளைக் குற்றப் பரம்பரையென முத்திரையிட்டு விட்டார்கள். 1911-ம் வருஷச் சட்டத்தின் மூலம் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ரேகை பதியமாட்டோமென்ற பெருங்காமநல்லூர்க் கள்ளர்கள்மீது 1920 ஏப்ரல் 3-ம் தேதி துப்பாக்கி வெடித்தது. 1947-ல்தான் நமது மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. யாதவப்பிரகாசரின் ஜாதியை எவரும் அந்த ஜாபிதாவில் சேர்க்கவில்லை என்பதையும் ஒரு வக்கீல் என்ற முறையில் நாம் குறித்துக்கொள்கிறோம். இக்காலத்தில் நியூஜிலாந்தின் டனேடின் நகரில் குழந்தைப் பருவம் முதல் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களைப் பற்றிய 2002-ம் வருஷத்து ஆராய்ச்சியும் உண்டு. ஒரு குறிப்பிட்ட பரம்பரைக் கூறு உடைய ஆண்களுள், சிறு வயதில் கொடுமைக்குள்ளானவர்களே பெரும்பாலும் முரடராயினர். அக்கூறு இருந்தும் அன்பாக வளர்க்கப்பட்டவர்கள் அப்படி ஆகவில்லை.

ராமாநுஜர் சந்நியாசம் பெற்றபின், யாதவர் தம் தாயின் தூண்டுதலால் அவரிடமே வந்து சரணடைந்தாரென்று குருபரம்பரை உரைக்கிறது. கொல்லப் பார்த்தவருக்குக் கொல்லப்பட இருந்தவர் காஷாயம் தந்து, கோவிந்த ஜீயர் எனப் பெயரிட்டு, துறவிகளின் தர்மத்தைப் பற்றி நூலெழுதப் பணித்தார். யதிதர்ம ஸமுச்சயம் என்ற அந்நூல் இன்றும் இருக்கிறது.

ஸ்ரீரங்கத்திலும் பகை விடவில்லை. கோயில் நிர்வாகத்தை அவர் சீர்திருத்தியதால் பிழைப்புக் குறைந்தவர்கள் பிக்ஷையில் விஷம் கலந்தார்கள். அன்னமிட வந்த அம்மையார் மனம் பதறிக் குறிப்பால் உணர்த்தினார். ராமாநுஜர் எவரையும் காட்டிக்கொடுக்காமல் உபவாசமிருந்தார். திருக்கோஷ்டியூர் நம்பி விரைந்து வந்தார். அது முதல் கிடாம்பி ஆச்சான் மடைப்பள்ளியை ஏற்றார்.

பின்னர்ச் சோழ மன்னன் ஒருவன் சமயவெறியால் ஆளனுப்பியபோது, காஞ்சிக்கு அணித்தான கூரத்தில் பிறந்த கூரத்தாழ்வான், ஆசாரியரின் காஷாயத்தைத் தாம் தரித்துச் சென்று கண்களை இழந்தார். ராமாநுஜர் மேல்கோட்டையில் பல வருஷம் தங்கி, ஆபத்து நீங்கியபின் மீண்டார். அப்பொழுது அவர், இழந்த பார்வையைக் கேட்டுப் பெறும்படி கூரத்தாழ்வானைக் காஞ்சி வரதன் சந்நிதிக்கு அனுப்பினார். ஆழ்வான் துதி பாடினார், பெருமாள் இரங்கினார். ஆனால் கண்ணை மறந்து அவர் கேட்டது வேறு. அரசனிடம் தம்மைச் சிக்கவைத்த நாலூரானுக்கும் தமக்குக் கிடைக்கும் கதியே கிடைக்கவேண்டும் என்றார்.