பிரான்சிஸ் டே (மீனியலாளர்)

இக்கட்டுரை பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த மீனியலாளரைப் பற்றியது. 1639-ஆம் ஆண்டில் சென்னைக் கோட்டைக்கான இடத்தைத் தேர்ந்தெடுத்த, இதே பெயருடைய கிழக்கிந்தியக் கம்பனி அலுவலர் வேறொருவர்.

பிரான்சிஸ் டே (மார்ச் 2, 1829 – ஜூலை 10, 1889) சென்னை மாகாணத்தில் படை மருத்துவராகப் பணியாற்றிய ஆங்கிலேய மீனியலாளர் ஆவார். இந்தியாவிற்கும் பர்மாவிற்குமான மீன்வளத் தலைமை ஆய்வாளராகவும் பணிபுரிந்தார். இந்தியத் துணைக்கண்டத்தின் நன்னீர் மீன்களையும் கடல் மீன்களையும் ஒருசேர விவரித்து இவர் எழுதிய "இந்தியாவின் மீன்கள்" என்னும் நூல், இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக இன்றளவும் கருதப்படுகிறது. இந்திய ஆறுகளில் உணவு மீன் குறைந்துவருவதைத் தடுப்பதே இவரது அரசுப் பணியின் முதன்மை நோக்கமாக இருந்தது. அப்பணியின் ஊடே இவர் பெயரிட்டு விவரித்த சில சிறிய மீன்கள், இன்று உலகின் பல நாடுகளில் வீட்டு மீன் தொட்டிகளில் வளர்க்கப்படும் அலங்கார மீன்களாக உள்ளன.

இளமையும் கல்வியும்

டே இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலுள்ள மேர்ஸ்ஃபீல்டு என்னும் ஊரில், நிலவுடைமைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஷ்ரூஸ்பரி பள்ளியில் பயின்ற பின்னர் இலண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் மருத்துவம் கற்று, 1851-இல் அறுவை மருத்துவர் கழகத்தின் உறுப்பினரானார். அடுத்த ஆண்டே கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னைப் படையில் உதவி அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். மீனியலில் இவர் முறையான பயிற்சி பெற்றவர் அல்லர். அக்காலத்தில் இந்தியாவிற்கு வந்த மருத்துவர்கள் பலரைப் போலவே இவரும் ஓய்வு நேரத்தில் இயற்கை ஆய்வில் ஈடுபட்டார்.

கொச்சியும் முதல் நூல்களும்

கொச்சியில் மருத்துவராகப் பணியாற்றிய காலம் இவரது வாழ்வில் ஒரு திருப்பமாக அமைந்தது. அப்பகுதியின் வரலாறு, மக்கள், இயற்கை ஆகியவை பற்றி 1863-இல் ஒரு நூலை வெளியிட்டார். கழிமுகங்களிலும் ஆறுகளிலும் கடற்கரையிலும் திரட்டிய மீன்களைக் கொண்டு "மலபார் மீன்கள்" என்னும் நூலை 1865-இல் வெளியிட்டார். பின்னர் நீலகிரி மலையிலும் அதன் அடிவாரத்து ஆறுகளிலும் வாழும் மீன்களைப் பற்றியும், சென்னைப் பகுதி மீன்களைப் பற்றியும் இலண்டன் விலங்கியல் கழகத்தின் இதழில் கட்டுரைகள் எழுதினார்.

இதே காலத்தில் நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் ஐரோப்பிய டிரவுட் மீனை அறிமுகப்படுத்தவும் முயன்றார். முட்டைகளைப் பனிக்கட்டியின் குளிரில் வைத்துக் கப்பல் வழியே கொண்டுவர வேண்டியிருந்ததால் 1863-இல் செய்த முதல் முயற்சி தோல்வியடைந்தது. 1866-இல் மீண்டும் முயன்றார். இதற்காகப் பிரெஞ்சு இயற்கைக் கழகம் ஒன்று இவருக்குப் பதக்கம் வழங்கியது. எனினும் நீலகிரியில் டிரவுட் நிலைபெற்றது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைக்கப்பட்ட பின்னரே ஆகும்.

கொள்ளிடமும் உல்லமும்

காவிரி, கோதாவரி ஆறுகளில் அணைகள் கட்டிய பொறியாளர் ஆர்தர் காட்டன், அவ்வணைகள் மீன்களின் வலசையைத் தடுக்கின்றன என்னும் ஐயத்தை 1860களின் பிற்பகுதியில் அரசின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். கடலில் வாழ்ந்து, முட்டையிட ஆற்றில் மேலேறிச் செல்லும் உல்லம் மீன் (வங்காளத்தில் இல்சா எனப்படுவது) கொள்ளிடத்தின் கீழணையைத் தாண்ட இயலாமல் அதனடியில் திரண்டு நின்றது. அங்கு அவற்றைப் பிடிப்பது எளிதாக இருந்தமையால், முட்டையிடும் முன்னரே பெருமளவு மீன்கள் அழிந்தன. இதனை ஆராயும் பணி டேயிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் பிற மாகாணங்களிலும் பர்மாவிலும் இத்தகைய ஆய்வுகளை மேற்கொண்டார். 1871-இல் மீன்வளத் தலைமை ஆய்வாளராக அமர்த்தப்பட்டார்.

1873-இல் நன்னீர் மீன்வளத்திற்கு ஒன்றும் கடல் மீன்வளத்திற்கு ஒன்றுமாக இரு அறிக்கைகளை வெளியிட்டார். இவர் சுட்டிய முதன்மைக் குறைகள் வருமாறு:

* அணைகளில் மீன் ஏறிச் செல்ல வழி இல்லாமை
* சிறு கண்ணி வலைகளால் குஞ்சுகள் வரை பிடிக்கப்படுதல்
* வயல்களிலும் வாய்க்கால்களிலும் பொறி வைத்து, முட்டையிட வரும் மீன்களைப் பிடித்தல்
* நீரில் நஞ்சு கலந்து மீன் பிடித்தல்

அணைகளில் மீன்வழி அமைக்கவும் வலைக் கண்ணிக்குக் குறைந்த அளவு வகுக்கவும் இவர் பரிந்துரைத்தார். ஏழை மக்களின் பிழைப்பில் தலையிடுவதாக அமையும் என்னும் தயக்கத்தால் அரசு உடனடியாகச் சட்டம் இயற்றவில்லை. வெடிமருந்தும் நஞ்சும் இட்டு மீன் பிடிப்பதைத் தடைசெய்த இந்திய மீன்வளச் சட்டம், டே மறைந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின்னர் 1897-இல்தான் நிறைவேறியது. காவிரியில் உல்லம் மீள இயலவில்லை. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின்னர் அதன் வரத்து மேலும் சுருங்கியது.

காற்றைச் சுவாசிக்கும் மீன்கள்

டேயின் ஆய்வுகளுள் மீன் வளர்ப்போருக்கு நேரடியாகப் பயன்படுவது, காற்றைச் சுவாசிக்கும் மீன்களைப் பற்றியதாகும். தென்னிந்தியாவின் ஏரிகளும், கரியாலூர் அமைந்துள்ள கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகி போன்ற சிற்றாறுகளும் மழைக்காலத்தில் நிரம்பிக் கோடையில் குட்டைகளாகச் சுருங்குபவை. சூடேறிய, உயிர்வளி குறைந்த இத்தகைய நீரில் விரால், குரவை, பனையேறிக் கெண்டை, தேளி முதலிய மீன்கள் உயிர் தரிக்கின்றன. பனையேறிக் கெண்டை பனைமரத்தில் ஏறியதைத் தரங்கம்பாடியில் 1791-இல் கண்டதாக டால்டார்ஃப் என்னும் தேனியப் படை அலுவலர் எழுதியது முதல் இம்மீன்கள் ஐரோப்பிய அறிஞர்களை ஈர்த்துவந்தன.

இம்மீன்களை டே உயிருடன் கலங்களில் வைத்து ஆராய்ந்தார். நீர்மட்டத்திற்கு வரவிடாமல் தடுத்தபோது, நீர் நன்றாக இருந்தும் அவை மூச்சுத்திணறி இறந்தன. மேலே வந்து காற்றை எடுக்க முடிந்தபோது கெட்ட நீரிலும் வாழ்ந்தன. ஈரம் இருந்தால் நீருக்கு வெளியேயும் நெடுநேரம் வாழ்ந்தன. இவற்றின் செவுள்கள் மட்டும் உடலுக்குத் தேவையான உயிர்வளியைத் தருவதில்லை என்பதும், செவுளுக்கு மேலுள்ள அறைகள் முதலிய துணை உறுப்புகளால் காற்றைச் சுவாசிப்பது இவற்றிற்கு இன்றியமையாதது என்பதும் இதனால் தெளிவாயின.

படுக்கையறை மேசையில் வைக்கும் சிறு கண்ணாடிக் கலத்தில், காற்றுக் குமிழி எழுப்பும் கருவி இன்றியே சண்டை மீனும் கௌராமியும் உயிர் வாழ்வதற்கும் இதுவே காரணம். இவை பனையேறிக் கெண்டையின் உறவினங்கள். இத்தகைய மீன்கள் உள்ள தொட்டியை விளிம்பு வரை நிரப்பாமல், நீருக்கும் மூடிக்கும் இடையே காற்றிடம் விடவேண்டும் என்னும் நடைமுறை விதியும் இதன்பாற்பட்டது. தங்கமீன் போன்று துணை உறுப்பு இல்லாத மீன்களுக்கு இது பொருந்தாது. அவற்றைச் சிறு கலத்தில் அடைத்தால் உயிர்வளிக் குறைவாலும் கழிவுகள் சேர்வதாலும் விரைவில் இறக்க நேரிடும்.

"இந்தியாவின் மீன்கள்"

1875 முதல் 1878 வரை நான்கு பகுதிகளாக இந்நூல் வெளிவந்தது. ஒரு தொகுதி விளக்கங்களையும் மற்றொன்று ஏறத்தாழ 200 ஓவியத் தட்டுகளையும் கொண்டது. 1888-இல் பின்னிணைப்பு ஒன்று வெளிவந்தது. மீன்களின் அறிவியற் பெயருடன் தமிழ், தெலுங்கு, மலையாளம், வங்காளம் முதலிய மொழிகளில் வழங்கிய பெயர்களையும் டே குறித்திருப்பது இந்நூலின் சிறப்பாகும். அவ்வகையில் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் மீனவர் வழக்கிற்கும் இது ஒரு சான்றாக அமைகிறது. பிரித்தானிய இந்தியாவின் விலங்குகள் பற்றிய நூல்வரிசையில் மீன்களுக்கான இரு தொகுதிகளையும் டே எழுதினார். 1889-இல் வெளிவந்த அத்தொகுதிகள் 1,400-க்கும் மேற்பட்ட இனங்களை விவரிக்கின்றன.

குந்தருடன் பிணக்கு

பிரித்தானிய அருங்காட்சியகத்தின் விலங்கியல் பிரிவுக் காப்பாளரான ஆல்பர்ட் குந்தர் அக்காலத்தின் முன்னணி மீனியலாளர் ஆவார். டேயின் இன அடையாளங்களை அவரும், அவரது முடிவுகளை டேயும் அச்சில் குறை கூறினர். இப்பிணக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. இதன் விளைவாக டே தம் சேகரிப்பின் பெரும்பகுதியை இலண்டனுக்கு வழங்கவில்லை. கொல்கத்தா, லைடன், பெர்லின் முதலிய இடங்களிலுள்ள அருங்காட்சியகங்களுக்குப் பகுதி பகுதியாக அவை சென்றன. 1883-இல் இலண்டனில் நடைபெற்ற பன்னாட்டு மீன்வளக் கண்காட்சியில் இந்தியப் பிரிவிற்கு டே பொறுப்பேற்றிருந்தார். அதனையொட்டி ஒரு பெரும் தொகுதி சிட்னியிலுள்ள ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்திற்கு விற்கப்பட்டது. தம் இறுதி ஆண்டில்தான் எஞ்சியவற்றைப் பிரித்தானிய அருங்காட்சியகத்திற்கு அளித்தார்.

ஓர் இனத்திற்கு முதன்முதல் பெயரிடப் பயன்பட்ட மாதிரியே அவ்வினத்தை ஐயமற அறிவதற்கான சான்று. டேயின் மாதிரிகள் பல நாடுகளில் சிதறியதால் இந்திய மீன்களை ஆய்ந்த பின்வந்தோர் பெரிதும் இடர்ப்பட்டனர். பீட்டர் வைட்ஹெட், பி. கே. தல்வார் ஆகிய இருவரும் இம்மாதிரிகள் இருக்குமிடங்களைத் தேடித் தொகுத்து 1976-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர்.

மீன் தொட்டிகளில் டேயின் மீன்கள்

டே முதன்முதல் விவரித்தவையும் அவர் பெயரைத் தாங்கியவையுமான சில மீன்கள் அலங்கார மீன்களாக வளர்க்கப்படுகின்றன.

* டெனிசன் கெண்டை: திருவிதாங்கூர் மலைப்பகுதியான முண்டக்கயத்திலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1865-இல் டே விவரித்தது. அப்போதைய சென்னை ஆளுநர் வில்லியம் டெனிசனின் பெயர் இதற்கு இடப்பட்டது. உடலின் நெடுக ஓடும் கருங்கோடும் அதன்மேல் அமைந்த செங்கோடும் கொண்ட இம்மீன் "மிஸ் கேரளா" என்றும் அழைக்கப்படுகிறது.
* ஸ்டோலிச்கா கெண்டை: பர்மாவிலிருந்து 1871-இல் விவரிக்கப்பட்டது. நிலவியலாளர் பெர்டினான்ட் ஸ்டோலிச்காவின் பெயரைக் கொண்டது.
* கன்னடக் கரிமீன்: கரிமீனின் உறவினம். தென் கன்னடப் பகுதியிலிருந்து 1877-இல் விவரிக்கப்பட்டது.
* டே சொர்க்க மீன்: நுரைக்கூடு கட்டி முட்டையிடும் சிறு மீன். 1908-இல் கோலர் என்பவர் டேயின் நினைவாக இதற்குப் பெயரிட்டார். இதன் நெருங்கிய உறவினமான மற்றொரு மீன், புதுச்சேரியின் அரியாங்குப்பம் ஆற்றிலிருந்து பெயர் பெற்றதாகும்.

இவற்றுள் டெனிசன் கெண்டையின் வரலாறு குறிப்பிடத்தக்கது. நூறாண்டுகளுக்கு மேலாக அறிவியலாளர் மட்டுமே அறிந்திருந்த இம்மீன், 1990களில் பன்னாட்டு அலங்கார மீன் சந்தையில் புகழ்பெற்றது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சில ஆறுகளில் மட்டுமே வாழும் இவ்வினம் ஏற்றுமதிக்காகப் பெருமளவில் பிடிக்கப்பட்டதால் அருகியது. 2008-இல் கேரள அரசு இதனைப் பிடிப்பதற்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை அருகிய இனமாக வகைப்படுத்தியுள்ளது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 2005-க்கும் 2012-க்கும் இடையில் அழியும் இடருள்ள இனங்களைச் சேர்ந்த 15 இலட்சத்திற்கும் மேற்பட்ட நன்னீர் மீன்கள் இந்தியாவிலிருந்து அலங்கார வணிகத்திற்காக ஏற்றுமதி ஆயின. பின்னர் டெனிசன் கெண்டையைப் பண்ணைகளில் இனப்பெருக்கம் செய்யும் முறை உருவாக்கப்பட்டது. எனவே இம்மீனை வாங்குவோர், அது பண்ணையில் பிறந்ததா ஆற்றில் பிடிக்கப்பட்டதா என்று கேட்டறிவது அதன் பாதுகாப்பிற்கு உதவும்.

இதற்கு மாறாகத் தமிழக வீடுகளின் தொட்டிகளில் கப்பி, மோலி, தங்கமீன் முதலிய வெளிநாட்டு இனங்களே மிகுதியாகக் காணப்படுகின்றன. அவற்றை வளர்த்து விற்கும் முதன்மை மையங்களுள் ஒன்று சென்னையிலுள்ள கொளத்தூர்.

இறுதிக் காலம்

1877-இல் துணைத் தலைமை அறுவை மருத்துவர் நிலையில் ஓய்வு பெற்று டே இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரில் குடியேறினார். பிரித்தானிய, அயர்லாந்து மீன்களைப் பற்றிய நூலை 1880–84-இல் வெளியிட்டார். ஸ்காட்லாந்தின் ஹோவிடவுன் மீன் பொரிப்பகத்தில் சால்மன் குடும்ப மீன்களின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்தார். 1885-இல் இவருக்கு இந்தியப் பேரரசின் தோழர் என்னும் விருது வழங்கப்பட்டது. வயிற்றுப் புற்றுநோயால் 1889 ஜூலை 10 அன்று செல்டன்ஹாமில் காலமானார். மலபார் கடற்கரையில் காணப்படும் சிறு மீன் ஒன்றின் பேரினம் இவர் நினைவாக "டேயெல்லா" எனப் பெயர் பெற்றுள்ளது.

எழுதிய நூல்கள்

* பெருமாள்களின் நாடு, அல்லது கொச்சி (1863)
* மலபார் மீன்கள் (1865)
* இந்தியா, பர்மாவின் நன்னீர் மீன்கள் பற்றிய அறிக்கை (1873)
* இந்தியா, பர்மாவின் கடல் மீன்கள் பற்றிய அறிக்கை (1873)
* இந்தியாவின் மீன்கள் (1875–1878, பின்னிணைப்பு 1888)
* பிரித்தானிய, அயர்லாந்து மீன்கள் (1880–1884)
* பிரித்தானிய, அயர்லாந்து சால்மன் குடும்பம் (1887)
* பிரித்தானிய இந்திய விலங்குகள்: மீன்கள், 2 தொகுதிகள் (1889)