திருக்குறுங்குடி ஸ்ரீ டி.வி. சுந்தரம் அய்யங்கார்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பாண்டிநாட்டுத் திவ்யதேசங்கள் பதினெட்டனுள் திருக்குறுங்குடிக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. எம்பெருமான் தாமே உடையவருக்குச் சிஷ்யராயிருந்து உபதேசம் கேட்டு, வைஷ்ணவ நம்பி என்ற திருநாமம் பெற்ற ஸ்தலம் அது. திருமங்கையாழ்வார் திருநாட்டுக்கு எழுந்தருளியதும் அங்கேயே என்பது பெரியோர் கொள்கை. அவ்வூரில் 1877ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் அவதரித்தவர் ஸ்ரீ சுந்தரம் அய்யங்கார். ஊரையும் தந்தையாரையும் குறிக்கும் எழுத்துக்களாகிய டி.வி. என்பவை அவர் பெயரின் முதலெழுத்தோடு சேர்ந்து, டி.வி.எஸ். என்று பிற்காலத்தில் தென்னாடெங்கும் வழங்கலாயின.

இளமையில் வக்கீல் தொழிலும், பின் ரயில்வே உத்யோகமும், பாங்கு உத்யோகமும் பார்த்தார். நிலையான சம்பளத்தை விட்டுத் தொழிலில் இறங்குவது அக்காலத்து ஸ்ரீவைஷ்ணவக் குடும்பங்களில் அபூர்வம். ஆயினும் 1911ஆம் ஆண்டில் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு பஸ் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். மாட்டு வண்டியே கதியாயிருந்த கிராமங்களுக்கு அவருடைய பஸ்கள் சென்றன. குறித்த நேரத்துக்கு வந்து குறித்த நேரத்துக்குப் புறப்படும் அவ்வண்டிகளைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தைச் சரிசெய்து கொள்வார்கள் என்று முதியோர் இன்றும் சொல்வதுண்டு.

இவ்விடத்தில் அடியேனுக்கு நம்பாடுவான் சரித்திரம் நினைவுக்கு வருகிறது. கைசிக ஏகாதசி இரவில் குறுங்குடி நம்பியைப் பாடப் புறப்பட்ட அந்தப் பாகவதரை வழியில் பிரம்மராக்ஷஸன் பற்றிக்கொண்டது. பாடிவிட்டுத் திரும்பி வருவேன் என்று சபதம் செய்து சென்றவர், சொன்னபடியே தம் உடலைக் கொடுக்கத் திரும்பி வந்தார். அக்கதையைக் கேட்டு வளரும் ஊர் குறுங்குடி. அவ்வூரில் பிறந்தவர் பஸ் புறப்படும் வேளையைக்கூடக் கொடுத்த வாக்காகக் கருதியதில் வியப்பென்ன?

பஸ் ஓட்டுவதோடு அவர் நிற்கவில்லை. வண்டிகளைப் பழுதுபார்க்கப் பணிமனைகளும், தேய்ந்த டயர்களுக்குப் புது ரப்பர் பதிக்கும் தொழிற்சாலையும் ஏற்பட்டன. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. அப்போது அடுப்புக்கரியிலிருந்து வாயு உண்டாக்கி அதனால் வண்டியை ஓட்டும் சாதனத்தைத் தம் தொழிற்சாலையிலேயே செய்வித்தார். கரிவாயுக் கலத்தைச் சுமந்து புகையோடு சென்ற அந்தப் பஸ்களால் பல ஊர்களின் போக்குவரத்து நின்றுபோகாமல் தப்பியது.

இவையெல்லாம் பலரும் அறிந்தவை. தகப்பனாராக அவர் பட்டதும் செய்ததும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அவருடைய திருக்குமாரத்தி ஸௌந்தரம் 1904ஆம் ஆண்டு பிறந்தார். பாலிகையாயிருந்தபோதே அக்கால வழக்கப்படி விவாகம் நடந்தது. மாப்பிள்ளையாக வந்த டாக்டர் ஸௌந்தரராஜன் அற்பாயுளில் காலமானார். தமக்குப் பின் மனைவி மேலே படிக்க வேண்டும் என்பதே அவருடைய விருப்பமாயிருந்தது என்பர். கணவனை இழந்த பெண்ணுக்கு அன்றைய அக்ரஹாரங்கள் வைத்திருந்த வாழ்வு, வீட்டின் பின்கட்டில் ஒரு மூலையேயன்றி வேறில்லை. நித்யகர்மாநுஷ்டானமும் ஆசாரமும் உள்ள குடும்பத்தில், விதவையான மகளை டில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவதென்றால் அது எத்தகைய காரியம் என்பதை இக்காலத்தவர் உணர்வது கடினம். ஊர்வாய் சும்மா இருக்குமா? ஆயினும் தகப்பனார் அனுப்பினார். 1936ஆம் ஆண்டில் அம்மையார் டாக்டராகத் தேறினார்.

டில்லியில் படிக்கும்போது அம்மையாருக்குக் காந்தியடிகளின் தொடர்பும், அவர் வழியில் நின்ற கேரளத்து ஸ்ரீ ஜி. ராமச்சந்திரனின் பழக்கமும் ஏற்பட்டன. இருவரும் விவாகம் செய்துகொள்ள விரும்பினர். மறுவிவாகம், அதுவும் ஜாதி கடந்தது. இதற்குப் பெற்றோர் இசையவில்லை. காந்தியடிகள் இருவரையும் ஓராண்டு பிரிந்திருந்து மனத்தைச் சோதித்துக்கொள்ளச் சொன்னார். மனம் மாறாமை கண்டு, 1940ஆம் ஆண்டில் சேவாகிராமத்தில் தம் முன்னிலையிலேயே விவாகத்தை நடத்திவைத்தார்.

இதை மறைத்து எழுதுவது சரித்திரமாகாது. மகளுக்குக் கல்வியின் வாசலைத் திறந்த அதே கை இந்த வாசலில் தயங்கி நின்றது. சாஸ்திரம் அறிந்த குடும்பத்தில் பிறந்து, மகளிடம் பேரன்பும் கொண்ட ஒருவருடைய நெஞ்சம் அப்போது எப்படித் தவித்திருக்கும் என்பதைப் பெண்ணைப் பெற்றவர்கள் அறிவார்கள். அவரைக் குறை சொல்ல அடியேனுக்கு மனம் வரவில்லை. அம்மையாரைக் குறை சொல்லவும் நா எழவில்லை.

தம்பதிகள் 1947ஆம் ஆண்டில் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினர். பிரசவத்துக்கு வைத்தியமின்றித் தாய்மார் மாண்டுபோன கிராமங்களுக்கு அங்கிருந்து மருத்துவம் சென்றது.

முதிய வயதில் ஸ்ரீ சுந்தரம் அய்யங்கார் தொழிற்பொறுப்பைப் புதல்வர்களிடம் ஒப்படைத்தார். 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், தமது எழுபத்தெட்டாம் பிராயத்தில், கோடைக்கானலில் உறக்கத்திலேயே பரமபதம் அடைந்தார். அவருடைய பஸ் தொழில் 1970களின் தொடக்கத்தில் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகமாயிற்று. மற்றத் தொழில்கள் வம்சத்தாரால் பெருகின. குறுங்குடி நம்பி ஸந்நிதித் திருப்பணியையும் பேரர் ஸ்ரீ வேணு ஸ்ரீநிவாஸன் மேற்கொண்டு நடத்தினார்.

ஸௌந்தரம் அம்மையார் மத்திய கல்வித் துறைத் துணை மந்திரியாகவும் பணியாற்றி, 1984ஆம் ஆண்டில் காலமானார். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு ரயிலில் வரும் யாத்ரிகர்கள் அம்பாத்துரை நிலையத்தில் இறங்கினால் காந்திகிராமம் அருகிலேயே இருக்கிறது.