மன்னிப்புக் கேட்க மறுத்த கார்ட்டர்

எகிப்து நாட்டில், நைல் நதிக் கரையில் லக்சார் என்ற நகரம் இருக்கிறது. கிழக்குக் கரையில் வானளாவும் தூண்கள் கொண்ட கோவில்கள். மேற்குக் கரையில், மலைகளுக்கு நடுவே, 3 ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மன்னர்களின் கல்லறைகள். இவற்றைப் பார்க்க உலகெங்கும் இருந்து மக்கள் வருகிறார்கள்.

1906-ம் ஆண்டில் அந்த ஊரில் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். படம் எழுதி, பயணிகளிடம் விற்பார். அவர்களைக் கல்லறைகளுக்கு அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டுவார். அதில் கிடைத்த காசில்தான் பிழைப்பு!

சில ஆண்டுகளுக்கு முன்பு, அதே கல்லறைகளைக் காக்கும் தலைமை அதிகாரியாக இருந்தவர் அவர்! பெயர், ஹோவர்ட் கார்ட்டர்.

கார்ட்டர் 1874-ல் லண்டனில் பிறந்தவர். தந்தை ஓவியர். பிள்ளைக்குப் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. தந்தை கற்றுக் கொடுத்த ஓவியம்தான் சொத்து. 17-வது வயதில், கல்லறைச் சுவர்ச் சித்திரங்களைப் பார்த்து எழுதும் வேலைக்காக எகிப்துக்குக் கப்பல் ஏறினார். 25 வயதில் தென் எகிப்தின் தலைமை அதிகாரி ஆனார். கல்லறைகளுக்கு இரும்புக் கதவுகள் போட்டார். பயணிகள் நன்றாகப் பார்க்க மின்சார விளக்குகளும் போட்டார்.

1904-ல் அவருக்கு வடக்கே மாற்றல் ஆயிற்று. அங்கேதான் வந்தது வினை.

1905 ஜனவரியில், சக்காரா என்ற இடத்துக்குப் பிரெஞ்சுப் பயணிகள் சிலர் வந்தார்கள். குடிவெறி வேறு! எகிப்தியக் காவலர்களுடன் தகராறு செய்து, அடிக்கவும் செய்தார்கள். கார்ட்டர் ஓடி வந்தார். தற்காப்புக்காகத் திருப்பி அடிக்கலாம் என்று காவலர்களுக்கு அனுமதி கொடுத்தார். கைகலப்பு நடந்தது. இரு பக்கமும் காயம்.

எகிப்தியர் வெள்ளையரை அடிப்பதா? பிரெஞ்சுக்காரர்கள் கொதித்தார்கள். வருத்தம் தெரிவித்தால் விஷயம் முடிந்துவிடும் என்று மேலதிகாரிகள் சொன்னார்கள். கார்ட்டர் அசையவில்லை. காவலர்கள் கடமையைத்தான் செய்தார்கள், இதில் வருந்த என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி. அவரை வேறு ஊருக்குத் தூக்கி அடித்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரிலேயே வேலையை உதறிவிட்டார்.

பிறகுதான் லக்சாரில் அந்தப் பிழைப்பு.

நல்ல வேளையாக, கார்னர்வான் பிரபு என்ற செல்வர் அவரைச் சேர்த்துக் கொண்டார். டூட்டன்காமன் என்ற இளம் மன்னனின் கல்லறையைத் தேடினார்கள். 1917 முதல் மண்ணை வாரி வாரிக் கொட்டியும் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. பிரபுவுக்கு அலுத்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு முறை என்று கார்ட்டர் மன்றாடினார்.

1922 நவம்பர் 4. மண்ணுக்குள் ஒரு கல் படி தெரிந்தது! நவம்பர் 26-ல், சுவரில் சிறு துளையிட்டு, மெழுகுவர்த்தியை நீட்டிப் பார்த்தார். உள்ளே பொன் மின்னியது! 5 ஆயிரத்துக்கும் அதிகமான பொருள்கள். எல்லாவற்றையும் எடுத்துப் பாதுகாக்க 10 ஆண்டுகள் ஆயின.

ஆனால் பிடிவாதம் போகவில்லை. 1924-ல் எகிப்து அரசுடன் சண்டை போட்டு, வேலையைப் பாதியில் நிறுத்தினார். அரசு கல்லறைக்குள் அவரை விட மறுத்தது. மறு ஆண்டுதான் சமாதானம். இந்தத் தடவை தவறு அவர் பக்கமும் இருந்தது.

1939 மார்ச் 2-ல் லண்டனில் காலமானார். பிரிட்டிஷ் அரசு அவருக்கு ஒரு பட்டமும் கொடுக்கவில்லை. அவருடைய உடைமைகளில், கல்லறைக்குச் சொந்தமான சில சிறு பொருள்கள் இருந்தன. அவை எகிப்துக்கே திரும்பின.