வியர்வை உப்புக்கு ஒரு சமன்பாடு

நெர்ன்ஸ்ட் சமன்பாடுன்னா நமக்கெல்லாம் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ற ஒரு வரி. அதை எழுதியபோது வால்தர் நெர்ன்ஸ்டுக்கு வயது 25தான்!

1864-இல் பிரஷ்யாவில் பிரீசன் என்ற ஊரில், நீதிபதியின் மகனாகப் பிறந்தார். லைப்சிக்கில் ஆஸ்ட்வால்டிடம் உதவியாளராக இருந்து, 1889-இல் கரைசலில் அயனி எவ்வளவு என்பதற்கும் எலக்ட்ரோடில் வரும் வோல்டேஜுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தார். சோடியத்தை மட்டும் உணரும் எலக்ட்ரோடில், சோடியம் பத்து மடங்கு கூடினால் 25 டிகிரி செல்சியஸில் சுமார் 59 மில்லிவோல்ட் கூடும்.

1920-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆனால் முதல் உலகப்போர் இரண்டு மகன்களையும் பறித்துக்கொண்டது. ஹிட்லர் கூட்டத்தோடு அவர் ஒத்துப்போகவில்லை. 1933-இல் பெர்லின் பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்று, 1941-இல் தன் கிராமத்துப் பண்ணையில் காலமானார்.

2016-இல் அமெரிக்காவில் பெர்க்லி விஞ்ஞானிகள் மணிக்கட்டில் கட்டும் சென்சார் ஒன்றை அறிவித்தாங்க. ஓடும்போதே வியர்வையில் சோடியம் எவ்வளவுன்னு அது காட்டும். உள்ளே இருப்பது அதே சமன்பாடுதான்!

செங்கல் சூளையிலிருந்து வரும் அப்பா சட்டையில் வெள்ளை வெள்ளையா உப்பு பூத்திருக்கும். அந்த உப்புக்கும் ஒரு கணக்கு உண்டுன்னு எங்க வீட்டில் முதலில் படிச்சவன் நான். இனி அந்த வரியை மனப்பாடம் பண்ண மாட்டேன், புரிஞ்சு படிப்பேன். நீங்களும் படியுங்கள்!