கம்பளத்துக்கு அடியில் தீ!

நியூயார்க் நகரத்தில் மார்கன் என்று ஒரு பெரிய பணக்காரர் இருந்தார். பாங்கி முதலாளி. 1882-ம் ஆண்டில் அவர் தமது மாளிகை முழுவதும் மின்சார விளக்குப் போட்டுக்கொண்டார்.

அந்தத் தெருவுக்கு அப்போது மின்சாரம் வரவில்லை. அதனால் வீட்டுக்குப் பின்னால் குதிரை லாயத்தின் அடியில் பள்ளம் தோண்டி, நீராவி எஞ்சினையும் டைனமோவையும் வைத்தார்கள். கொல்லையில் மண்ணுக்கு அடியில் செங்கல் கட்டி, அதன் வழியாக ஒயரை வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். எஞ்சின் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் புகார் செய்தார். ஆனாலும் விளக்கு எரிந்தது.

மேஜை விளக்கில்தான் வந்தது வினை. அதற்குரிய ஒயரைக் கம்பளத்துக்கு அடியில் ஓட்டியிருந்தார்கள். ஒரு நாள் அங்கே தீப்பொறி கிளம்பியது. கம்பளம் பற்றி எரிந்தது. மேஜை கருகியது.

விளக்குப் போட்டவர்கள் எடிசனின் ஆட்கள். மார்கன் சீறி விழுவார் என்று நடுங்கினார்கள். அவரோ ஒயரைச் சரியாக மாற்றிப் போடச் சொன்னார். அவ்வளவுதான்!

ரெயிலில் ஒரு தீ

தாமஸ் ஆல்வா எடிசனுக்கு நெருப்பு புதிதல்ல.

1847-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி, அமெரிக்காவில் மிலான் என்ற சிற்றூரில் பிறந்தார். பள்ளிக்கூடம் போனது சில மாதங்கள்தான். பிறகு தாயாரே எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார். 12 வயதில் ரெயிலில் பத்திரிகையும் மிட்டாயும் விற்கப் போனார். சாமான் பெட்டியின் ஒரு மூலையில் மருந்துப் புட்டிகளை அடுக்கிச் சோதனை செய்தார். பாஸ்பரஸ் கீழே விழுந்து தீப்பிடித்தது. பையனையும் புட்டிகளையும் சேர்த்தே இறக்கிவிட்டார்கள்.

பிறகு தந்தி கற்றார். 1877-ல் பேசும் எந்திரம் செய்து உலகை வியக்க வைத்தார். 1879-ல் பருத்தி நூலைக் கரியாக்கி, அதைக் கண்ணாடிக் குமிழுக்குள் எரிய வைத்தார். இங்கிலாந்தில் ஸ்வான் என்பவரும் இதே வேலையில் வெற்றி கண்டார் என்பதையும் மறக்கக்கூடாது.

வாய்க்காலும் ஒயரும்

விளக்கு கிடைத்தால் போதுமா? அதை வீடு வீடாகக் கொண்டுசேர்க்க வேண்டுமே!

தஞ்சைச் சீமையில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆறு அகலம். வாய்க்கால் அதைவிடக் குறுகல். வயல் மடை இன்னும் சிறியது. சின்ன வாய்க்காலில் ஆற்றுத் தண்ணீரைத் திருப்பினால் கரை உடையும். மெல்லிய ஒயரில் அதிக மின்சாரம் ஓடினால் ஒயர் சூடேறும். மேலுறை உருகும். தீப்பிடிக்கும்.

எடிசன் இதற்கு ஒரு காவல் வைத்தார். வழியில் சிறிய உலோகத் துண்டு ஒன்றை இணைத்தார். மின்சாரம் அளவு மீறினால் அது முதலில் உருகி அறுந்துவிடும். வீடு பிழைக்கும். 1880-ல் இதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். அதுதான் பியூஸ். இன்றைக்கும் பியூஸ் போனால் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைக்கிறவர்கள் உண்டு. காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுத் தூங்குகிற கதைதான்!

துள்ளிய குதிரை

1882 செப்டம்பர் 4-ந் தேதி, நியூயார்க் பேர்ல் தெருவில் எடிசனின் மின்சார நிலையம் ஓடத் தொடங்கியது. கம்பிகளைத் தலைக்கு மேலே கட்டவில்லை. செம்புக் கம்பிகளை இரும்புக் குழாய்க்குள் வைத்து, தார் போன்ற கலவையை ஊற்றி, தெருவுக்கு அடியில் புதைத்தார்.

அப்படியும் ஒரு முனையில் மின்சாரம் கசிந்தது. அந்த இடத்தை மிதித்த குதிரைகள் துள்ளின. வண்டிக்காரருக்குக் காரணம் புரியவில்லை. எடிசன் வந்து மின்சாரத்தை நிறுத்திப் பழுது பார்த்தார்.

அது சுமார் 110 வோல்ட். நம் வீடுகளில் இன்று வருவது 230 வோல்ட். காவிரிக் கரையில் மண்ணோ எப்போதும் ஈரம். மோட்டார் கொட்டகைக்கோ, ஸ்கூட்டர் நிறுத்தும் கொட்டகைக்கோ வீட்டிலிருந்து ஒயர் இழுப்பவர்கள் அந்தக் குதிரையை நினைத்துக்கொள்ள வேண்டும். ஒயரைக் குழாய்க்குள் விட வேண்டும். ஆணியில் தொங்கவிடக் கூடாது. கூடவே எர்த் ஒயர் கட்டாயம் வேண்டும். கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இப்போது கடைகளில் கிடைக்கிறது. 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்கலாம். மெயினை அணைத்த பிறகே கை வைக்க வேண்டும். வேலையை உரிமம் பெற்ற ஒயர்மேனிடம் விடுவதே நல்லது.

ஒரு நிமிட இருட்டு

எடிசன் தவறே செய்யாதவர் அல்ல. மாறுதிசை மின்சாரம் ஆபத்தானது என்று பிடிவாதமாக எதிர்த்தார். அந்த வழக்கில் தோற்றார். 1914 டிசம்பரில் அவருடைய தொழிற்சாலைக் கட்டிடங்கள் பல எரிந்தன. அப்போது வயது 67. சோர்ந்து உட்காராமல் மறுபடியும் கட்டினார்.

1931 அக்டோபர் 18-ந் தேதி காலமானார். மரியாதைக்காக நாடு முழுவதும் மின்சாரத்தையே ஒரு நிமிடம் நிறுத்தலாமா என்ற யோசனை வந்தது. நிறுத்தினால் உயிர்ச்சேதம் ஏற்படும் என்று ஜனாதிபதி ஹூவர் அதைக் கைவிட்டார். 21-ந் தேதி இரவு மக்களே தங்கள் வீட்டு விளக்குகளை ஒரு நிமிடம் அணைத்தார்கள்.

காவிரியின் குறுக்கே மேட்டூர் அணை அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது.