ஆந்திரேயாஸ் வெசாலியஸ்

பிரசல்ஸ் நகரில் 1514 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 31 ஆம் நாள் பிறந்தவர் ஆந்திரேயாஸ் வெசாலியஸ். மருத்துவர் பலரைத் தந்த குடும்பம் அவருடையது.

அக்காலத்தில் உடற்கூறு கற்பித்த முறை விந்தையானது. ஆசிரியர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து, கேலன் என்னும் பண்டைக் கிரேக்க மருத்துவரின் கருத்துகளைப் படிப்பார். கீழே நாவிதர் ஒருவர் பிணத்தை அறுப்பார். நூலும் உடலும் வேறுபட்டால், நூலே மெய்யெனக் கொள்ளப்பட்டது. கேலனோ, பெரும்பாலும் குரங்கு முதலிய விலங்குகளை அறுத்துக் கண்டவற்றையே மனிதர்க்கும் உரியனவாக எழுதியவர்.

வெசாலியஸ் தம் கண்ணால் காண விழைந்தார். 1536 இல் லூவன் நகருக்கு வெளியே, தூக்கிலிடும் இடத்திற்கு நண்பர் ஒருவருடன் சென்றார். அங்குத் தொங்கிய உடலில் தசை முழுதும் மறைந்திருந்தது. எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் நார்களே அவற்றைச் சிதறாமல் காத்திருந்தன. அவ்வெலும்புகளை மறைவாக வீட்டுக்குக் கொணர்ந்து, முழுக்கூட்டையும் அமைத்துப் பயின்றார்.

1537 இல் பதுவைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். இருக்கையை விட்டு இறங்கித் தாமே உடலை அறுத்துக் காட்டினார். மனிதனின் கீழ்த்தாடை, கேலன் கூறியதுபோல் இரண்டு எலும்புகளால் ஆனதன்று. ஒன்றே என நிறுவினார். 1543 இல், மனித உடலின் அமைப்பை விளக்கும் அவரது பெருநூல் ஏழு பகுதிகளாக வெளிவந்தது. அதன் இரண்டாம் பகுதி, பிணைப்பு நார்களையும் தசைகளையும் பற்றியது.

எதிர்ப்பும் எழுந்தது. பாரிசில் அவருக்குக் கற்பித்த சில்வியஸ் என்பாரே அவரைக் கடுமையாகப் பழித்தார். கேலன் பிழைபட்டிலர், மனித உடலே காலப்போக்கில் மாறிவிட்டது என்றும் அவர் வாதிட்டார். வெசாலியஸ் பதுவையை விட்டு நீங்கி, பேரரசர் ஐந்தாம் சார்லசின் அரண்மனை மருத்துவரானார். ஆயினும் 1555 இல் தம் நூலைத் திருத்தி மீண்டும் வெளியிட்டார். 1564 இல் எருசலேம் சென்று திரும்பும் வழியில், சாக்கிந்தோஸ் தீவில் மறைந்தார்.

எல்லா உடலும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். முழங்காலே அதற்குச் சான்று. அதன் வெளிப்புறத்தில் முத்துப்போல் ஒளிரும் நார் ஒன்றை 1879 இல் செகோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் குறித்தார். பிறகு நெடுங்காலம் அதனைக் கருதியவர் சிலரே. 2013 இல், வெசாலியஸ் எலும்பு தேடிய அதே லூவன் நகரத்து மருத்துவர்கள் 41 முழங்கால்களை அறுத்து ஆராய்ந்து, அந்நாரைத் தெளிவாக விளக்கினர். 40 முழங்கால்களில் அது இருந்தது, ஒன்றில் இல்லை.

ஆதலின் ஓர் உடலைக் கண்டோர் எல்லா உடலையும் கண்டோராகார். நூலைக் கற்றபின்னும் கண்ணால் ஆராய்தல் வேண்டும். வெசாலியஸின் வாழ்வு நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.