பத்து வயதில் தொடங்கிய வாதை: சிறுமலர் தெரேசாவின் இளமைப் பருவம்

சிறுமலர் தெரேசா என்றதும் நம் மனக்கண் முன் வருவது, பாடுபட்ட சுருபத்தையும் ரோஜா மலர்களையும் மார்போடு அணைத்து, புன்னகையோடு நிற்கும் ஓர் இளம் கன்னியரின் உருவம். நம் நாட்டில் சிறுமலர் என்ற பெயரைத் தாங்கிய பள்ளிகளும் விடுதிகளும் ஏராளம். ஆனால் இந்தப் புனிதையின் பத்து வயது முதல் பதினாறு வயது வரையிலான வாழ்வை நாம் அதிகம் பேசுவதில்லை. பேசினாலும், அன்னை மரியாவின் சுருபம் அவரைப் பார்த்துப் புன்னகைத்ததை மட்டும் சொல்லிவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் அவர் பட்ட பாட்டைத் தாண்டிப் போய்விடுகிறோம். அவரோ தம் தன்வரலாற்றில் எதையும் மறைக்கவில்லை.

தெரேசா 1873ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் பிரான்ஸ் நாட்டின் அலென்சோன் நகரில் பிறந்தார். தந்தை லூயி மார்ட்டின் கடிகாரத் தொழில் செய்தவர். தாய் செலி, பின்னல் சரிகை செய்து விற்றவர். ஒன்பது பிள்ளைகளில் நால்வர் சிறு வயதிலேயே இறந்துவிட, ஐந்து பெண்கள் எஞ்சினார்கள். மரி, பவுலின், லெயோனி, செலின், கடைசியாகத் தெரேசா. 1877ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று தாய் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அப்போது தெரேசாவுக்கு நான்கரை வயது. அதுவரை துறுதுறுவென்று ஓடிக்கொண்டிருந்த குழந்தை அதன் பிறகு கூச்ச சுபாவம் உள்ளவராக, ஒரு பார்வைக்கே அழுதுவிடுபவராக மாறிப்போனார். அக்கா பவுலினைத் தம் இரண்டாவது தாயாகத் தாமே தேர்ந்துகொண்டார். அந்த ஆண்டே குடும்பம் தாய்மாமன் வசித்த லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தது.

1882 அக்டோபரில் பவுலின் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். ஒன்பது வயதுச் சிறுமிக்கு இது இரண்டாவது முறை தாயை இழந்தது போல் ஆயிற்று. அந்த ஆண்டின் இறுதியிலேயே ஓயாத தலைவலி தொடங்கியது. 1883ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவின்போது தந்தை மூத்த பிள்ளைகளோடு பாரிஸ் சென்றிருந்தார். மாமா வீட்டில் இருந்த தெரேசாவிடம் ஒரு மாலைப்பொழுதில் மாமா அவருடைய தாயைப் பற்றிப் பேச, சிறுமி அழத் தொடங்கினார். அன்று இரவு உடல் நடுங்கத் தொடங்கியது. எத்தனை போர்வை போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. அடுத்து வந்த வாரங்களில் தோன்றியவை இன்னும் கொடியவை. சுவரில் அடித்த ஆணிகள் கருகிப்போன பெரிய விரல்களாகத் தெரிந்து அலற வைத்தன. தந்தையின் கையில் இருந்த தொப்பி, சொல்ல முடியாத ஏதோ ஒரு பயங்கர உருவமாக மாறித் தெரிந்தது. பொருளற்ற சொற்களைப் பேசினார். கட்டிலில் இருந்து தம்மைத் தாமே தூக்கி எறிந்தார். மருத்துவர் வந்து பார்த்து, கடுமையான நோய் என்றார். ஏப்ரல் 6ஆம் நாள் பவுலின் துறவற உடை பெற்ற அன்று மட்டும் எழுந்து சென்று அக்காவைக் கட்டி அணைத்துவிட்டு வந்தார். மறுநாளே நோய் திரும்பிவிட்டது.

இதைப் பேய் செய்த வேலை என்றே தெரேசா பிற்காலத்தில் எண்ணினார். அந்தக் காலத்துப் பக்தியுள்ள குடும்பத்தில் அப்படி எண்ணியதில் வியப்பில்லை. இன்று அந்தக் குறிகளைப் படிக்கும் மருத்துவர்கள் தாயைப் பிரிந்த துயரத்தில் அதன் வேரைத் தேடுகிறார்கள். என் மனத்துக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்த வீட்டில் மருத்துவரையும் அழைத்தார்கள். பாரிஸ் நகர் வெற்றி அன்னை ஆலயத்தில் நவநாள் திருப்பலிக்கும் பணம் அனுப்பினார்கள். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடவில்லை. நம் குடும்பங்களில் இந்த இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. பெரும்பாலும் எது நடக்கிறது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1883ஆம் ஆண்டு மே 13, தூய ஆவியார் பெருவிழா. படுக்கையருகே மூன்று சகோதரிகளும் முழந்தாளிட்டுச் செபித்துக்கொண்டிருந்தபோது, அறையில் இருந்த அன்னை மரியாவின் சுருபம் தம்மைப் பார்த்துப் புன்னகைப்பதைத் தெரேசா கண்டார். நோய் நீங்கியது.

அன்பார்ந்தவர்களே, கதை இங்கே முடிந்துவிட்டதாகத்தான் நாம் சொல்லி வருகிறோம். உண்மையில் முடியவில்லை. நோயின் உச்சத்திலும் தம்மைச் சுற்றிப் பேசியது அனைத்தும் தெரேசாவுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. பதில் சொல்லத்தான் முடியவில்லை. இதனாலேயே குணமான பின் ஒரு கொடிய ஐயம் அவரைப் பிடித்துக்கொண்டது. தான் நோயாளி போல நடித்தோமோ, வேண்டுமென்றே எல்லாரையும் வதைத்தோமோ என்ற ஐயம். மடத்துக் கன்னியர்கள் அந்தப் புன்னகையைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டபோது, தான் பொய் சொல்லிவிட்டதாகவும் அஞ்சினார். புன்னகையைப் பற்றிய ஐயம் 1887ஆம் ஆண்டு அதே வெற்றி அன்னை ஆலயத்தில் முழந்தாளிட்டபோதுதான் தீர்ந்தது. நோயைப் பற்றிய ஐயம் அதற்கும் பிறகு, 1888இல் பிஷோன் என்ற இயேசு சபைக் குரு ஆறுதல் சொன்ன பிறகுதான் அடங்கியது. ஐந்து ஆண்டுகள்! நடிக்கிறாள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் ஒரு பிள்ளை, அதே கேள்வியைத் தன்னிடமே இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

1884ஆம் ஆண்டு மே 8 அன்று புதுநன்மை வாங்கினார். அன்று அவர் அடைந்த மகிழ்ச்சியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். ஆனால் அடுத்த ஆண்டு மே மாதம், பள்ளியில் நடந்த தியானத்தின்போது, பன்னிரண்டு வயதில் அடுத்த துன்பம் தொடங்கியது. மிகச் சிறிய எண்ணமும் செயலும் பாவமாகத் தெரிந்தன. இலத்தீனில் இந்த நிலையைக் குறிக்கும் சொல்லுக்குக் கூர்மையான சிறு கல் என்று பொருள் எனக் குருமடத்தில் சொல்லித்தந்தார்கள். செருப்புக்குள் புகுந்த கல்லோடு நடந்தவர்களுக்கு இது புரியும். கடற்கரைக்குச் சென்றிருந்தபோது தலையில் கட்டிய நீல நிற ரிப்பன் அழகாக இருக்கிறது என்று மகிழ்ந்தாராம். அதையும் பாவம் என்று பாவசங்கீர்த்தனத்தில் சொன்னார். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் இப்படி. தலைவலியும் சேர்ந்துகொள்ள, 1886இல் தந்தை அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, வெளியே ஓர் ஆசிரியையிடம் பாடம் படிக்க ஏற்பாடு செய்தார்.

இந்த நாட்களில் அவரைத் தாங்கியவர் மூத்த அக்கா மரி. தெரேசா தினமும் தம் மனத்தில் தோன்றிய அத்தனையையும் அழுதுகொண்டே அக்காவிடம் கொட்டுவார். கொட்டி முடித்த ஒரு கணம்தான் அமைதி. உடனே அடுத்தது வந்துவிடும். குருவிடம் எதைச் சொல்ல வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதை மரியே வகுத்துக் கொடுத்தார். அதனால் பாவசங்கீர்த்தனம் கேட்ட குருவுக்கு இப்படி ஒரு நோய் இருப்பதே தெரியவில்லை. ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்ப வந்து சொல்லும் வளரிளம் பிள்ளைகளைச் சந்திக்காத குருக்கள் இருக்க முடியாது. புனித இஞ்ஞாசியாரும் புனித அல்போன்ஸ் லிகோரியாரும் இதே வேதனையை அனுபவித்தவர்கள். இன்று மருத்துவர்கள் இதை எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வகையாகக் காண்கிறார்கள், அதற்குச் சிகிச்சையும் உண்டு. அந்தப் பிள்ளையிடம் இன்னும் நன்றாக ஆத்தும சோதனை செய்யச் சொல்வது, புண்ணைக் கிளறுவதற்கு ஒப்பாகும்.

1886 அக்டோபரில் மரியும் கார்மேல் மடம் சென்றார். சொல்லி அழ வீட்டில் யாரும் இல்லாத நிலையில், குழந்தைகளாகவே இறந்துபோன தம் நான்கு உடன்பிறப்புகளிடம் தெரேசா மன்றாடினார். அமைதி வந்தது. அதே ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், நள்ளிரவுத் திருப்பலி முடிந்து திரும்பியபோது, குழந்தைகளுக்குக் காலணியில் பரிசு வைக்கும் வழக்கம் இந்த ஆண்டோடு முடிந்தால் நல்லது என்று களைப்பில் தந்தை சொன்னது அவர் காதில் விழுந்தது. வழக்கம்போல அழுதிருக்க வேண்டியவர், கண்ணீரை அடக்கிக்கொண்டு இறங்கி வந்து, மகிழ்ச்சியோடு பரிசுகளைப் பிரித்தார். பத்து ஆண்டுகளாக இழந்திருந்த மன உறுதி அன்று திரும்பி வந்ததாக எழுதுகிறார்.

1888 ஏப்ரல் 9 அன்று, பதினைந்து வயதில் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். இரண்டே மாதங்களில் அடுத்த இடி விழுந்தது. நினைவு தடுமாறத் தொடங்கியிருந்த தந்தை ஜூன் 23 அன்று யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்விட்டார். நான்கு நாட்களுக்குப் பின் ல ஆவ்ர் துறைமுக நகரில் கண்டுபிடித்தார்கள். 1889 பிப்ரவரி 12ஆம் நாள், போர் நடப்பதாக எண்ணி அவர் கைத்துப்பாக்கியை எடுத்துக்கொள்ள, அவரைக் கான் நகரில் இருந்த மனநோயாளர் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார். அப்போது தெரேசாவுக்கு வயது பதினாறு. செல்லமகள் மடத்துக்குப் போனதால்தான் தகப்பனுக்குப் பைத்தியம் பிடித்தது என்று லிசியேயில் ஊர் பேசியது. அந்தப் பேச்சு மடத்துச் சுவர்களைத் தாண்டியும் வந்தது. 1890 செப்டம்பர் 24 அன்று துறவு முக்காடு பெறும் சடங்கில் தந்தை இல்லாததை எண்ணித் தெரேசா அழுதார். 1892 மே மாதம் பக்கவாதத்தோடு வீடு திரும்பிய தந்தையை மடத்தின் சந்திப்பு அறைக்கு ஒருமுறை அழைத்து வந்தார்கள். மகள்களிடம் விடைபெறும்போது அவர் விரலை மேலே உயர்த்தி வானத்தைக் காட்டினார். 1894 ஜூலை 29 அன்று இறந்தார். மனநோயாளர் மருத்துவமனையில் இருந்த இந்த மனிதரையும் அவர் மனைவியையும் 2015ஆம் ஆண்டு அக்டோபர் 18 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர்களாக அறிவித்தார்.

தெரேசா காசநோயால் 1897 செப்டம்பர் 30 அன்று, இருபத்து நான்கு வயதில் இறந்தார். அந்தக் கடைசி வாரங்களில் அவர் சொன்ன ஒன்றை மறையுரைகளில் நான் அதிகம் கேட்டதில்லை. இவ்வளவு கடும் வலியில் இருப்பவர்களின் படுக்கையருகே நச்சுத்தன்மையுள்ள மருந்துகளை ஒருபோதும் வைக்க வேண்டாம் என்றும், நம்பிக்கை மட்டும் இல்லாதிருந்தால் தாமே ஒரு கணமும் தயங்காமல் தம் உயிரை மாய்த்துக்கொண்டிருப்பார் என்றும் சொன்னார். 1925இல் புனிதராகவும், 1997இல் திருச்சபையின் மறைவல்லுநராகவும் உயர்த்தப்பட்டவர் சொன்னது இது. படுக்கையருகே உட்கார்ந்து அந்த நாட்களில் அவர் பேசியதைக் குறித்து வைத்துக்கொண்டிருந்தவர், அவருடைய ஒன்பது வயதில் வீட்டைவிட்டுப் பிரிந்துபோன அதே அக்கா பவுலின்.